கங்கையிடம் நான் திரும்பக் கேட்டது

1969, ஆவணி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி கோமதி இருமிய இருமலில் வாஷ்பேசின் சிவந்துபோனது. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. எங்கள் மகள் வள்ளி சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "டி.பி. இடது நுரையீரலில் பாதி போய்விட்டது" என்றார். நான் எம்.ஏ. படித்தவன். கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் அதிகாரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போல அழுதேன்.

அன்று சாயங்காலம் கால் போன போக்கில் நடந்து ஆஹிரிடோலா படித்துறைக்குப் போனேன். கங்கைக்கு முன் கைகூப்பி நின்றேன். அங்கே நான் வேண்டிக்கொண்டதைச் சொல்வதற்கு முன்பு, அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதை மறைத்தால் அடியார்கள் படிக்க இந்த அனுபவத்தை எழுதவே எனக்குத் தகுதியில்லை.

கோமதி தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். கங்கையைக் கரைக்குக் கரை நீந்திக் கடக்க வேண்டும் என்பது ஒன்பது வயதிலிருந்து அவளுடைய கனவு. "பம்பாய் மாப்பிள்ளை ஒருத்தரும் கேட்டு வந்தாரு. உங்களைவிட நல்ல நிறம். அங்க கங்கை இல்லியே, அதனாலதான் உங்களுக்குத் தலையாட்டினேன்" என்று கல்யாணமான புதிதில் சொல்லிச் சிரிப்பாள். டாலிகஞ்சில் எங்களுக்குப் பக்கத்து வீடு மீரா பௌதி. அண்ணியைத்தான் வங்காளிகள் பௌதி என்பார்கள். ஏரியில் பெண்கள் நீந்தப் பழகும் குழுவில் கோமதியைச் சேர்த்துவிட்டவள் அவள்தான்.

ஒரு நாள் ஆபீஸில் சாப்பிடும்போது ஒருவர், "உங்க சம்சாரம் ஏரியில மீன் மாதிரி போறாங்களாமே சார். நீங்க கரையில துணிக்குக் காவலா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே எரிந்தது. அன்றிலிருந்து அவள் நீச்சலை எப்படி நிறுத்துவது என்பதே என் யோசனை. நேரே சொல்லத் துணிவில்லை. முற்போக்கானவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது.

அந்த மனத்தோடுதான் நான் படித்துறையில் நின்றேன். "தாயே, அவளைப் பிழைக்க வை. அவள் இனி நீந்துவதற்காகத் தண்ணீரில் கால் வைக்க மாட்டாள். இது சத்தியம்" என்று நேர்ந்துகொண்டேன். குழந்தையின் முடியைப் பெற்றவர்கள் நேர்ந்துகொள்வதில்லையா என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மை இதுதான்: நான் தொலைத்துவிட நினைத்த ஒன்றையே தாய்க்குக் காணிக்கையாகக் கொடுத்தேன்.

பதினெட்டு மாதம் ஊசியும் மாத்திரையும். பிழைத்துவிட்டாள். உடம்பில் தெம்பு வந்ததும் பெட்டியைத் திறந்து நீச்சல் தொப்பியை எடுத்து உதறினாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

"யாருகிட்ட நேந்துக்கிட்டிய?"

"கங்கையம்மாகிட்ட."

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள். "கங்கைகிட்டயே போயி, கங்கையில இறங்க மாட்டாள்னு சொல்லிட்டு வந்தியளாக்கும்? 'எங்கிட்ட வரமாட்டாங்கிறதையே எனக்கு நேர்ச்சையாக் குடுக்கியளா'ன்னு அந்தத் தாய்க்குத் தோணியிருக்காதா?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் விடவில்லை. "சத்தியம் பண்ணியாச்சு. மீறினா வள்ளிக்கு ஏதாவது ஆயிட்டா என்ன செய்வே?" என்றேன்.

குழந்தையின் பெயரைச் சொன்னதும் அவள் தொப்பியை மடித்துவிட்டாள். அதை மீரா பௌதியிடம் கொடுத்துவிட்டாள். கிரகண நாளில் தெருவே கங்கைக்குப் போகும். கோமதி வீட்டில் குழாய்த் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வாள். "என்ன தாதா, உங்க வீட்டுக்கு மட்டும் கங்கை குழாயில வருதா?" என்று மீரா பௌதி என்னை அண்ணா முறை வைத்து வங்காளியில் குத்துவாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வேன்.

1975-இல் மறுபடியும் இரத்தம் வந்தது. பழைய மருந்துகள் இந்த முறை கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். "படித்துறைக்குப் போய் வேண்டிக்கிட்டு வரேன்" என்றேன். கண்ணைத் திறந்தாள்.

"இந்தத் தடவை எதைக் குடுக்கப் போறிய? எங்கிட்ட இனி ஒண்ணும் இல்லியே."

குரலில் கோபமே இல்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னாள். அடியார்களே, என் எழுபது கிலோ உடம்பை எப்படி அந்தப் படிக்கட்டு வரை இழுத்துக்கொண்டு போனேன் என்று எனக்குத் தெரியவில்லை.

படியில் உட்கார்ந்து முதல் முறையாக உண்மையைச் சொன்னேன். "தாயே, அன்று நான் கொடுத்தது என்னுடையது அல்ல. அவளைக் கேட்கவும் இல்லை. நாலு பேர் சிரித்ததைத் தாங்க முடியாமல், உன் பெயரைச் சொல்லி அவளைக் கட்டிப்போட்டேன். தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடு. அவள் உயிரையும் கொடு, அவள் கனவையும் திருப்பிக் கொடு. அவள் உன்னிடம் வரட்டும்." பதிலுக்கு எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

திரும்பி வந்து கோமதியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸில் நடந்த பேச்சைக்கூட விடவில்லை. "அந்த மீன் பேச்சுக்கா? அதுக்கா ஆறு வருசம்?" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் என் கையால் கஞ்சி வாங்கவில்லை. மூன்றாம் நாள் கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டு, "மீராகிட்ட அந்தத் தொப்பி இருக்கான்னு கேட்டுட்டு வாங்க" என்றாள்.

அதே வாரம் டாக்டர் புதிதாக வந்திருந்த ஒரு சிவப்பு மாத்திரையைத் தொடங்கினார். ஒன்பது மாதத்தில் சளி சுத்தமாகிவிட்டது. நீந்தலாமா என்று கேட்டதற்கு, "உங்க மூச்சு சொல்றபடி கேளுங்க, உங்க வீட்டுக்காரர் சொல்றபடி வேண்டாம்" என்றார். கோமதி அவரிடம் ஏதோ சொல்லிவைத்திருக்கிறாள்! ஏரியில் முதல் நாள் பத்து கெஜம்தான் போக முடிந்தது. மூன்று ஆண்டுகள் விடாமல் பழகினாள்.

1979, மாசி மாதம். காலை எட்டு மணி. எதிர்க்கரையான ஹௌரா பக்கத்துப் படித்துறையிலிருந்து ஆஹிரிடோலாவுக்கு. துணைக்கு ஒரு படகு. துடுப்புப் போட்டவர் ஒரு வயதான மாஜி; படகோட்டியை வங்காளிகள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு நீச்சல் தெரியாததால் நான் அவர் படகில். கடலிலிருந்து ஏறி வரும் ஓதம் நின்று, வற்றத் தொடங்கும் முன் ஆறு கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், அப்போது இறங்கலாம் என்று மாஜி சொல்லியிருந்தார். கோமதிக்குப் பொறுக்கவில்லை. "நின்னா குளிருது" என்று முன்னதாகவே குதித்துவிட்டாள்.

நடு ஆற்றில் ஓதம் அவளைப் பக்கவாட்டில் இழுத்தது. கை வீச்சு தளர்ந்தது. மூச்சு விசில் போல் கேட்டது. "தூக்கிடலாமா பாபு? தண்ணி நிக்க இன்னும் கால் மணி ஆகும்" என்றார் மாஜி. நான் குனிந்து கையை நீட்டினேன். அவள் மல்லாந்து மிதந்தாள்.

"கையை உள்ள வைங்க. தொட்டா கணக்கில்ல."

கையை இழுத்துக்கொண்டேன். 'தாயே, அவள் கேட்பதைக் கொடு' என்று மட்டும் சொன்னேன். என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டாள். "என்ன முணுமுணுக்கிய? திரும்பவும் எதையாவது எழுதிக் குடுத்துராதிய!" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன். மாஜி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது தண்ணீர் நின்றது. துடுப்பை எடுத்த பிறகும் படகு நகரவில்லை. "நேரத்துக்கு முந்தியே நின்னுடுச்சே" என்றார் மாஜி. அவர் கணக்கு தவறியிருக்கலாம், ஆற்றில் கால் மணி முன்பின் ஆவது சகஜம் என்று என் படிப்பு சொல்கிறது. சொல்லட்டும். நான் யாரிடம் கேட்டேன், எப்போது கேட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

கோமதி குப்புறத் திரும்பி நீந்தினாள். கரையில் வள்ளியும் மீரா பௌதியும் துண்டை ஆட்டிக் கத்தினார்கள். அவள் படியைத் தொட்டபோது, குளித்துக்கொண்டிருந்த வங்காளிப் பெண்கள், யார் எவள் என்று தெரியாமலே, கல்யாண வீட்டில் செய்வது போல நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "இறங்கி வாங்க. இடுப்பளவுதான்" என்றாள். பேண்ட்டும் ஷூவுமாக இறங்கினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டேன். படித்துறையே என்னைப் பார்த்துச் சிரித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் என்றுமே இருந்ததில்லை.

கோமதிக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. இன்று வரை அவளைக் கேட்காமல் அவளுக்காக நான் எதையும் வேண்டுவதில்லை. உங்கள் வீட்டில் யாராவது நோயில் கிடந்தால், அடியார்களே, தாயிடம் போங்கள்; வெறுங்கையோடு போங்கள். போகும் முன் கட்டிலருகே ஒரு நிமிடம் உட்கார்ந்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அதை அப்படியே தாயிடம் சொல்லுங்கள். அவள் கொடுப்பாள்.