மழையில் கழித்த சவுக்கு: வில்லியனூரிலிருந்து பனித்திட்டு வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை

மாசி மாதக் கடைசி ஞாயிறு நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியது ஊர் பார்க்க இல்லை. பாகூர்ப் பக்கம் எனக்கு இரண்டு காணி சவுக்குத் தோப்பு இருக்கிறது, ஏக்கர் கணக்கில் இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே. நட்டு நாலாவது வருஷம். அடுத்த வருஷம் வெட்ட வேண்டிய தோப்பு. அதில் மரம் வரிசையாகக் காய்கிறது என்று பக்கத்து நிலத்துக்காரர் சனிக்கிழமை மாலை போன் செய்தார். ஏன் காய்கிறது, மிச்சத்தையாவது காப்பாற்ற முடியுமா என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் பயணம். உங்களுக்கும் எங்கேயோ ஒரு தோப்பு இருந்து, நீங்கள் இருப்பது வேறு ஊரில் என்றால், இதைக் கடைசி வரை படியுங்கள். கோபமாக எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூரில் எனக்குக் குழாய், மோட்டார் சாமான் கடை. சைக்கிளில் வாஷர் விற்று ஆரம்பித்தவன். எந்தச் சரக்கானாலும் கையால் தொட்டுப் பார்க்காமல் வாங்கியதில்லை. அப்படிப்பட்ட நான், "சவுக்கு நட்டா போதும், அதுவே வளரும், வருஷத்துக்கு ஒரு தடவை பாத்தா போதும்" என்று எவனோ சொன்னதை நம்பி, நட்டதோடு கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். மரம் என்ன, குடோனில் அடுக்கி வைத்த குழாயா? உயிருள்ளது. அதற்கு வெயில் காலம் வேறு, மழைக் காலம் வேறு. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள நேரம் ஒதுக்கவில்லை.

காலை 6.10க்குக் கிளம்பினேன். மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாக என் தோப்பு வரை வண்டி மீட்டரில் 17 கிலோமீட்டர். போகும்போதே 150 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டேன், நாள் முழுக்கப் போதுமானதாக இருந்தது. கரிக்கலாம்பாக்கம் தாண்டிச் சில இடங்களில் சாலை குழி விழுந்து கிடக்கிறது. காரில் வருகிறவர்கள் பத்து நிமிஷம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். 6.55க்கு வரப்பில் வண்டியை நிறுத்தினேன்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே நாலு வரிசை போன பிறகுதான் கண்ணில் பட்டது. உச்சி மஞ்சளாகி, ஊசி இலை எல்லாம் துரு நிறத்தில் உதிர்ந்து கிடந்தது. பட்டையில் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்து, சில இடத்தில் வெடித்திருந்தது. விரலை வைத்து அழுத்தினேன். உள்ளிருந்து அடுப்புக்கரித் தூள் மாதிரி கறுப்பாகக் கொட்டியது. எண்ணினேன். முழுதாகக் காய்ந்ததும் பாதி காய்ந்ததுமாக அறுபத்து மூன்று மரம்.

உடனே எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. நாற்று கொடுத்த அஞ்சலை. பாகூருக்கு இந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டரில் சவுக்கு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார், என்னைவிடப் பத்து வயது சின்னவர். நோய் நாற்றைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவே செய்துவிட்டேன். ஒரு பட்டைத் துண்டைப் பெயர்த்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, வண்டி டிக்கியில் வைத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். மணி 7.50.

"இன்னாம்மா நாத்து குடுத்த நீ? அறுபது மரம் போச்சு!" என்று வாசலிலேயே கத்தினேன்.

அஞ்சலை குழாயை நிறுத்தாமல் நாற்றுக்குத் தண்ணீர் விட்டபடியே, "நாலு வருசம் கழிச்சி நாத்து சரியில்லன்னு சண்ட போட வந்த மொத ஆளு நீதாண்ணா. பையில இன்னா?" என்றார்.

பையைத் திறந்து காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அய்யய்யோ, மூடு! மூடு! இத்த எட்த்துனு என் பண்ணைக்குள்ளயா வந்த? இந்தக் கறுப்புத் தூளுதாண்ணா நோயே. காத்துல பறந்தா என் நாத்து மொத்தமும் போயிடும். உனுக்கு மூள கீதா இல்லியா?"

சண்டை போடப் போன நான், சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பையோடு அதைக் கொளுத்தினேன். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் என் கையையும் செருப்பின் அடிப்பாகத்தையும் கழுவ வைத்தார் அஞ்சலை. அதன் பிறகுதான் என்னோடு தோப்புக்கு வரச் சம்மதித்தார். அவர் ஸ்கூட்டியில் அவர், என் வண்டியில் நான்.

தோப்பில் அவர் எந்த மரத்தையும் தொடவில்லை. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். வாய்க்கால் ஓர மூலையில் நின்று, "இந்த ரெண்டு வரிசையில மட்டும் ஒண்ணு கூட காயலியே, ஏன்?" என்றார்.

அங்கே ஒரு தேன்கூடு இருந்தது. கிளை கழிக்க வந்தவர்கள் அதற்குப் பயந்து அந்த இரண்டு வரிசையைத் தொடாமல் விட்டிருந்தார்கள்.

"அப்ப நாத்து மேல பழி போடாதண்ணா. எல்லாம் ஒரே நாத்துதான். கழிச்ச மரம் சாவுது, கழிக்காத மரம் நிக்கிது. எப்போ கழிச்ச?"

"ஐப்பசி கடைசியில. புயலுக்கு முன்னாடி கழிச்சா காத்து பூந்து போவும்னு..."

"ஊரே அப்படித்தான் பண்ணுது. மழையில வெட்ன காயம் ஆறாதுண்ணா. ஈரத்துல அந்த நோய் காயம் வழியாத்தான் உள்ள பூரும். அதுலயும் இங்க பாரு, கிளைய வெட்டல, பட்டையோட கிழிச்சிகீறாங்க. யாரு கழிச்சது?"

"தனகோட்டி."

அஞ்சலை கையைக் கிழக்கே நீட்டினார். பிறகு சொன்னார்: "அவரு இன்னிக்குப் பனித்திட்டுல குப்புராஜ் தோப்புல கழிக்கிறாரு. காலையிலதான் என் பண்ண வழியா போனாரு. அதே கத்தியோட."

இங்கே விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் சவுக்குக் கிளை கழிக்கக் கூலி கிடையாது. கழிக்கிறவர் அந்த மெல்லிய கிளைகளை, அதாவது மிலாறை, விறகுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். உனக்கு வேலை ஓசி, அவருக்கு விறகு ஓசி. காதுக்கு இனிமையான வியாபாரம். ஆனால் யோசியுங்கள்: கூலி வாங்குகிறவன் நீ சொன்ன இடத்தில் வெட்டுவான். விறகுக்காக வருகிறவன் விறகு எங்கே அதிகமோ அங்கே வெட்டுவான்.

10.40க்குக் கிளம்பினேன். பாகூரிலிருந்து கன்னியக்கோயில் வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பி, பனித்திட்டு வரை மீட்டரில் 9 கிலோமீட்டர். வழியில் டீயும் வடையும் 25 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் சுற்றுலாக் கார்கள் கண் மண் தெரியாமல் வரும், குறுக்கே திரும்பும்போது ஜாக்கிரதை. 11.25க்குச் சேர்ந்தேன்.

குப்புராஜுக்குப் படகு இருக்கிறது, கூடவே மணல் பாங்கான ஒரு காணியில் சவுக்கு. தனகோட்டியும் இரண்டு ஆட்களும் மரத்தின் மேலே இருந்தார்கள். நாலு வரிசை முடிந்திருந்தது. கழித்த மரங்கள் உச்சியில் மட்டும் ஒரு கொத்துப் பச்சையோடு விளக்குமாற்றை நட்டு வைத்த மாதிரி நின்றன. குப்புராஜ் மிலாறைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தனகோட்டி, கீழ எறங்கு!" என்று கத்தினேன்.

"இன்னா மொதலாளி, இவ்ளோ தூரம்? டீ வாங்கியாந்தியா?"

"என் தோப்புல அறுபத்து மூணு மரம் செத்துப் போச்சு. உன் கத்தியாலதான். அதே கத்திய இங்க எட்த்துனு வந்து..."

தனகோட்டி நிதானமாக இறங்கினார். கத்தியை இடுப்பில் சொருகினார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். மரத்தில் ஏறும்போது எப்படியோ அப்படியே பேச்சிலும் பிடி விடமாட்டார்.

"இருவது வருசமா இதே கத்திதான். உன் மரத்துக்கு மட்டும் நோவு வந்துச்சா? சரி, நான் கேக்குறேன். அன்னிக்கி மழ தூறுச்சா இல்லியா? மரம் வழுக்குது, மூணு சுத்துக் கிளையோட நிறுத்திக்கலாம்னு சொன்னேனா இல்லியா?"

நான் கீழே கிடந்த கிளைகளைக் காலால் ஒதுக்கினேன்.

"சொல்லு மொதலாளி. 'இன்னும் ரெண்டு சுத்து மேல ஏறி எட்த்துக்கோ, அதுக்குப் பதிலா கீழ இருக்கிற புல்ல செத்திக் குட்த்துட்டுப் போ'ன்னு சொன்னது யாரு? நானா?"

உண்மை. சொன்னது நான்தான். புல் செதுக்க ஆள் வைத்தால் கூலி ஆகுமே என்று, மரத்தின் மேல் இருந்ததைக் கொடுத்துக் கீழே இருந்த வேலையை வாங்கினேன். அன்று சாயங்காலம் அதைக் கடையில் பெருமையாக வேறு சொன்னேன். மரம் சாப்பாடு செய்கிற பச்சையை எல்லாம் விற்றுப் புல் வெட்டியிருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

குப்புராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாபா, மரத்த மொட்டையடிச்சிப் புல்லு வெட்னியா? வில்லியனூர் ஆளுங்க கெட்டிக்காரங்கன்னு சொன்னாங்களே!"

சிரிக்கட்டும். காலையில் என் தோப்பில் போனில் எடுத்த படங்களை அவரிடம் காட்டினேன். வெடித்த கொப்புளத்தைப் பெரிதாக்கியதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "நிறுத்துங்கடா. எறங்குங்க," என்றார் மேலே பார்த்து.

இப்போது கோபம் தனகோட்டிக்கு. "எறங்கினா இந்த ரெண்டு பேருக்கு இன்னிக்கிக் கூலி யாரு குடுப்பா? நான் மிலாற வித்துதான குடுக்கணும்?" நியாயமான கேள்வி. ஆளுக்கு 700 வீதம் 1,400 ரூபாய் நான்தான் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு பக்கத்துக் கடையில் பிளீச்சிங் பவுடர் வாங்கிக் கரைத்து, மூன்று கத்தியையும் கழுவினோம். கழித்த நாலு வரிசைக்கு என்ன ஆகும் என்று குப்புராஜ் கேட்டார். தெரியாது என்றேன். மழை இல்லாத மாதம் என்பதால் தப்பிக்கலாம் என்று சொல்லி, மஞ்சள் தெரிந்தால் அந்த மரத்தை உடனே வெட்டச் சொன்னேன்.

"என் மரம் செத்துச்சின்னு வெய்யி, எல்லாத்தையும் வேரோட புடுங்கி உன் கட வாசல்ல நட்டுட்டுப் பூடுவேன்," என்றார். கிளம்பும்போது அவரே வற்புறுத்தி மீன் குழம்புச் சாப்பாடு போட்டார். வீடு திரும்ப மாலை 4.30.

மறுநாள் ஒரு விறகு வியாபாரி போன் செய்தார். காய்ந்த மரத்தைப் பட்டையோடு அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கை கூசாமல் விற்றிருப்பேன், ஒரு வாரம் முன்பு என்றால். அந்த லாரி எத்தனை தோப்பைத் தாண்டிப் போகும்? வழியெல்லாம் அந்தத் தூளைத் தூவிக்கொண்டேதானே போகும்? இப்படி விற்றவன் எவனோ ஒருவன் மூலமாகத்தான் எங்கள் பக்கமே இது வந்திருக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை தனகோட்டியை முதல் தடவையாகக் கூலி பேசி அழைத்தேன். அறுபத்து மூன்றோடு, சுற்றிலும் ஒரு வரிசை நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டி, காற்றில்லாத விடியற்காலையில் அங்கேயே எரித்தோம். வேர் வழியாகவும் பரவும் என்று அஞ்சலை சொன்னதால், ஜேசிபி வைத்துச் சுற்றிலும் மூன்றடி ஆழப் பள்ளம் எடுத்தேன். மூன்று மணி நேரம், மணிக்கு 1,300 ரூபாய்.

தோப்பு பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். வரப்பில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், நடு வரிசை வரை நடங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மரத்தில் கத்தி படக் கூடாது. அந்த மாதங்களில் உங்கள் வேலை தண்ணீர் தேங்காமல் வடிய விடுவது மட்டும்தான். புயலில் ஒடிந்து தொங்குவதை எடுக்கலாம், வேறு எதுவும் வேண்டாம். தை பிறந்து பனி குறைந்த பிறகு கழியுங்கள். கீழே மூன்றில் ஒரு பங்கு போதும், கிளையை அடியிலிருந்து முதலில் ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து, அப்போது பட்டை கிழியாது. ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியை நனைக்க ஒரு வாளி பிளீச்சிங் தண்ணீர் கூடவே இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் காய்ந்த சருகை ஓரங்களில் அள்ளிவிடுங்கள், ஒரு பீடித் துண்டு போதும் தோப்பு எரிய. செத்த இடத்தில் உடனே மறுபடி சவுக்கு வைக்காதீர்கள். முக்கியமாக, கழிக்கிறவருக்குக் கூலி கொடுங்கள், கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். ஓசியில் செய்யச் சொல்லிவிட்டு அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. நான் திட்டிப் பார்த்தவன்.

பள்ளம் எடுத்து ஒன்பதாம் நாள், நேற்று, மறுபடி போனேன். தனகோட்டியும் வந்திருந்தார். பள்ளத்துக்கு வெளியே, பச்சையாக நிற்கிற வரிசையில், ஒரு மரத்தின் உச்சி மஞ்சளாக இருந்தது. ஒன்றே ஒன்று. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. தனகோட்டி கத்தியை வாளியில் முக்கி எடுத்து, "எந்தப் பக்கம் சாய்க்கட்டும் மொதலாளி?" என்றார்.

பள்ளத்துக்கு உள்பக்கமாக என்றேன்.