வேரோடு பிடுங்கச் சொன்ன றாபியா

முசலிக் கரையில் றாபியாவிடம் வாயைக் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. அதற்காக அவளைச் சண்டைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. விளங்காத ஒன்றுக்குத் தலையாட்டத் தெரியாத பிறவி, அவ்வளவுதான். அந்தக் குணம் மட்டும் அவளுக்கு இல்லாதிருந்தால் ஒரு ஊர் தன் காணியைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு நின்றிருக்கும்.

யுத்தத்தில் ஊரோடு விரட்டப்பட்டு, அது முடிந்த மறுவருடம் புத்தளத்து அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கணவர் மௌத்தாகி ஆறு வருடமாகியிருந்தது. ஊரை உடை என்னும் முள்மரம் விழுங்கியிருந்தது. இருபது வருடக் காடு. எது வளவு, எது ஒழுங்கை என்று சொல்ல முடியாத முள். மாரிக்கு முன் தன் அரை ஏக்கரில் நின்ற உடையையெல்லாம் முழங்கால் உயரத்தில் வெட்டிச் சாய்த்துவிட்டு, காணி துப்புரவாகிவிட்டதென்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மழை பெய்தது. ஒரு கட்டைக்குப் பத்துக் கிளையாக, முன்னையைவிட அடர்த்தியாக வந்து நின்றது உடை. அடுத்த வருடம் முழுக்க அலவாங்கும் மண்வெட்டியுமாக நின்று ஒவ்வொரு வேராகக் கிண்டி எடுத்தாள். உள்ளங்கை காய்த்துப்போனது. ஆனால் கத்தரி காய்த்தது.

மூன்றாம் வருடம் ஒரு கம்பனி வந்தது. விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் போடப்போகிறார்களாம். பள்ளிவாசலுக்குப் பக்கத்து மண்டபத்தில் கூட்டம். கம்பனியின் பொறியியலாளர் நிதர்சன் நல்ல பிள்ளை. சுவரில் படம் காட்டி மரியாதையாக விளக்கினான். சுற்றியுள்ள இருநூறு ஏக்கர் உடைக்காட்டையும் கம்பனியே வெட்டும், ஊராருக்கு வேலையும் கிடைக்கும், வீட்டுக்கு வீடு வெளிச்சமும் கிடைக்கும் என்றான். அந்தக் காட்டை இருபத்தைந்து வருடத்துக்குக் கம்பனி வெட்டிக்கொள்ள ஊர்ச் சங்கம் ஒரு சம்மதக் கடிதம் தந்தால் போதும். திட்டத்தின் சிறப்பே ‘மீள்துளிர்ப்பு’தான் என்று முடித்தான்.

மண்டபம் முழுக்கத் தலை ஆடியது. ஆடாமல் என்ன செய்யும்? மீள்குடியேற்றம், மீள்கட்டுமானம், மீளெழுச்சி என்று அந்த வருடங்களில் அரசாங்கக் கந்தோர்க் கடிதத்தில் ‘மீள்’ என்று தொடங்கியதெல்லாம் கூரைத் தகரத்தையோ அரிசியையோ கொண்டுவந்திருந்தது. இதுவும் அந்த வரிசைதான் என்று எடுத்துக்கொண்டார்கள். சங்கத் தலைவர் மீராசாஹிபு, அலைந்து களைத்த மனிதர், பேனையைத் திறந்தேவிட்டார்.

றாபியா எழுந்தாள். சும்மா காடு வெட்டித் தர வந்தவனை மறித்தால் ஊர் தன்னைத்தான் ஏசும் என்று அவளுக்குத் தெரியும்.

“தம்பி, துளிர்க்கிறது எது?”

“மரந்தான் அம்மா. அடிக்கட்டைய விட்டுத்தான் வெட்டுவம். மூண்டு வருசத்தில திரும்ப வளந்திடும். பிறகும் வெட்டலாம்.”

“அப்ப மீள்குடியேற்றம் உடைமரத்துக்குத்தான். எங்களுக்கில்ல.”

மின்சாரம் வேண்டாமென்று அவள் சொல்லவில்லை. அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் எத்தனை நாளைக்குத்தான் மீன் ஆய்வது? வெட்டுவதானால் வேரோடு பிடுங்கட்டும், பிடுங்கிய காணி உரியவனிடம் போகட்டும் என்றாள். பிறகும் விறகு வேண்டுமென்றால் வேலி முழுக்க, வெட்ட வெட்டத் துளிர்க்கும் கிளிசரியாத் தடியைக் கதியாலாக நட்டு, வருடா வருடம் கிளை வெட்டித் தருகிறோம். காணிக்குள் மட்டும் காடு வேண்டாம் என்று முடித்தாள். கொழும்பில் இருக்கும் கம்பனிப் பெரியவர்கள் இதற்கு இணங்கமாட்டார்கள் என்றான் நிதர்சன், மெல்லிய குரலில். மீராசாஹிபு பேனையை மூடினார்.

அதன் பிறகு மூன்று மாதம் கம்பனியிடமிருந்து செய்தியோ சிலமனோ இல்லை. தேடி வந்த பரக்கத்தைக் கெடுத்தவள் என்று குழாயடியில் பெண்கள் அவளுக்குக் கேட்கவே பேசினார்கள். வேலியால் போன ஓணானை எடுத்து மடியில் கட்டச் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் வீட்டில் தனியே இருக்கையில், தான் பிழை விட்டுவிட்டோமோ என்று தவித்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தத் தவிப்போடுதான் பக்கத்துக் காணியிலும் வேர் கிண்டினாள்.

நான்காம் மாதம் நிதர்சன் புதிய கடிதத்தோடு வந்தான். கம்பனிக்குள்ளேயே வாதாடியிருக்கிறான், பாவம். ‘மீள்துளிர்ப்பு’ இருந்த இடத்தில் ‘வேருடன் அகற்றல்’ என்றிருந்தது. றாபியா அதை இரண்டு தரம் வாசித்த பிறகே மீராசாஹிபு ஒப்பம் வைத்தார்.

மண் தோண்டும் பெக்கோ மெசின் இறங்கிய மூன்றாம் நாள், பெரியதொரு உடையின் வேரோடு சீமெந்துத் தரையொன்று பெயர்ந்து வந்தது. மெசினை நிற்பாட்டினார்கள். மீராசாஹிபு குனிந்து தன் சாரத் தலைப்பால் மண்ணைத் துடைத்தார். ஒரு வாசற்படி தெரிந்தது. அவர் அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எண்ட மூத்தவள் இந்த வீட்டிலதான் பொறந்தவள்,” என்றார் றாபியாவைப் பார்த்து. “இதத்தானே புள்ள, நான் காடெண்டு எழுதிக் குடுக்கப் பாத்தனான்.”