ஆவுடையம்மாளின் நாற்பது ஜோடி

மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்சந்தில் குடியிருந்த ஆவுடையம்மாளுக்குக் கழுகுக் கண். களமசேரியில் மைக்ரோவேவ் ரேடியோக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை, டயோடுகளை அளந்து ஜோடி சேர்ப்பது. படுத்த படுக்கையாகிவிட்ட புருஷன் செல்லப்பாவோடு அவள் குடும்பம் ஓடியது அந்த வேலையில்தான்.

இதென்ன பெரிய வேலை என்று கேட்டுவிடாதீர்கள். ரேடியோவில் ஒரு சங்கடம் உண்டு. வேண்டிய அலையைப் பிடிக்கும்போதே, கண்ணாடிப் பிம்பம் மாதிரி எதிர்ப்பக்கத்து அலை ஒன்றும் கூடவே நுழைந்து பேச்சைக் கெடுக்கும். அந்தப் பிம்பத்தைத் தடுக்கிற மிக்சர் என்ற உறுப்பைத்தான் அங்கே செய்தார்கள். உள்ளே இருக்கும் இரண்டு டயோடுகளும் ஒரே குணமாக இருந்தால்தான் பிம்பம் ஒழியும். பார்வைக்கு எல்லாம் மிளகு அளவில் ஒன்றுபோலவே இருக்கும். எது எதற்கு ஜோடி என்பது டிரேயில் அது கிடக்கும் குழியை வைத்துத்தான் தெரியும்.

எண்பத்திரண்டில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மேசையைத் துடைத்துவிட்டு, மீட்டருக்குச் சந்தனப் பொட்டு வைக்கக் கையை நீட்டினாள். முழங்கை பட்டு டிரே கவிழ்ந்தது. நாற்பது ஜோடி! திரும்ப அளக்க ஒரு வாரம் ஆகும். சரக்கோ வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். யாரும் பார்க்கவில்லை. பொறுக்கியெடுத்துக் கைக்கு வந்தபடி குழிகளில் போட்டுவிட்டாள். பாவி, அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அடுத்த மேசை ஜலீலாவுடையது. அதே சந்துக்காரி, வேலை இன்னும் நிரந்தரமாகாத பெண். மிக்சரைத் திருகி ஒழுங்குபடுத்தி, சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுவது அவள்.

"அக்கா, இந்தத் தடவை ஒண்ணும் ஒத்து வரல்லியே. ஜோடி சரிதானே?"

"சரிதான்டி. நீ திருகு."

ஏசி அறைக் குளிரில் எப்படியோ திருகித் திருகி எல்லாவற்றையும் தேற்றிவிட்டாள் ஜலீலா. சித்திரை வந்தது. அந்த மிக்சர்களைப் பொருத்தியிருந்த, டெலிபோன் பேச்சை ஊர்விட்டு ஊர் கடத்தும் மலைமேல் ரிலே ஸ்டேஷன் கொட்டகை வெயிலில் காய்ந்ததும், பொருந்தாத டயோடுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. ஒருவர் பேச்சில் வேறு ஊர்ப் பேச்சு புகுந்தது. மிக்சர்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. தாளில் கையெழுத்து யாருடையது? ஜலீலாவுடையது. அவளை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

இரண்டு நாள் ஆவுடையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை, சொல்லிவிடுவது என்று துணிந்து மானேஜர் வெங்கிடேஸ்வரனின் அறைக்குள் போனாள். கதவுக்கு வெளியே ஜலீலா நின்றுகொண்டிருந்தாள்.

"பேடிக்க வேண்டாம், பயப்படாம சொல்லுங்கோ. ஜோடி எங்கயாவது மாறிப்போச்சா?" என்றார் அவர்.

செல்லப்பாவின் முகம் கண்முன் வந்தது.

"இல்ல சார். என் கையில ஜோடி மாறாது."

பதினோரு வருஷத்து வேலையை அவர் நம்பினார். அன்று சாயங்காலமே ஜலீலாவை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஜலீலா இவள் வீட்டுக்கு வந்தாள். அழுது வீங்கிய முகம். கையில் தூக்குவாளி நிறையக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும்.

"அவ்வளவு பேர்ல யாரும் எனக்காக வாய் திறக்கல்ல. நீங்க ஒருத்தர்தான் எனக்கு வேண்டி உள்ள போனீங்க. மவுத்தாகுற வரைக்கும் மறக்கமாட்டேன், அக்கா."

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது ஆவுடையம்மாளுக்கு. தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள்.

"உக்காருடி, சாயா போடறேன்" என்றாள்.