அத்தான் சுரண்டிய வால்வெள்ளி

அக்காவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. சாம்பல் வானம், ஓரத்தில் ஒரு பனை, நடுவில் பளிச்சென்று விடிவெள்ளி. அதன் பக்கத்தில் நகம் பட்டதுபோல் கறுப்பாக ஒரு கீறல். அதைக் கண்டால் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அது யுத்தகாலம். புளியங்கூடல் வீட்டில் அக்காவுக்கு அப்போதுதான் மகள் பிறந்திருந்தாள். விடிவெள்ளிக்கு அருகில் சில நாட்கள் ஒரு மங்கலான வால்வெள்ளி வரும், நம் காலத்தில் அது திரும்பி வராது என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். விஞ்ஞான ஆசிரியையான அக்கா ஆண்டுதோறும் வால்வெள்ளிப் பாடம் நடத்தியவள். ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. எவ்வளவு கெஞ்சியும் அம்மாவோ அவளை முற்றத்தில் இறங்க விடவில்லை.

“பிள்ளை பெத்த துடக்குக் கழியாமல் பனிக்குள்ள இறங்கினால் சன்னி வரும். வெள்ளி எங்க ஓடப்போகுது?”

ஓடப்போவது வால்வெள்ளி என்று சொல்லிப் பார்த்து, அக்கா அழுதேவிட்டாள்.

“அழாதையும். நான் படம் பிடிச்சுத் தாறன்” என்றார் அக்காவின் கணவரான அத்தான்.

அத்தான் ஊர்காவற்றுறையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அடையாள அட்டைப் படம்தான் பிழைப்பு. நெகட்டிவ்வை பிளேட் நுனியால் சுரண்டி, பருவும் தழும்பும் இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடுவார். கிழவர்களும் மாப்பிள்ளையாகித்தான் வெளியே வருவார்கள். கமராவின் முக்காலியைக் கண்டு ரோந்துக்காரர் துவக்கென்று நினைத்துச் சுட்டால் வம்பு. அதனால் விடியப்புறம் கிணற்றடி உரலைக் கவிழ்த்து, அதன்மேல் கமராவை வைத்தார். ஃபிலிமில் இன்னும் ஒரேயொரு படத்துக்குத்தான் இடம் மிஞ்சியிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன்.

மாலையில் ஸ்டூடியோவில் கழுவிய படத்தோடு வாடிய முகமாக வந்தார்.

“வால் ஒண்டும் விழேல்லை. வெள்ளி மட்டும்தான். பக்கத்தில பஞ்சுமாதிரி ஒரு அழுக்கு இருந்தது. அதையும் நெகட்டிவ்வில சுரண்டித் துப்புரவாக்கிப்போட்டன்.”

அக்கா படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“ஐயோ, அந்தப் பஞ்சுதானப்பா வால்வெள்ளி!”

அத்தான் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அடுத்த விடியல்களெல்லாம் முகில் மூடிக்கொண்டது. அவர் சோற்றில்கூடக் கைவைக்காமல் இருந்தபோது அக்காதான் சொன்னாள்: “நான் காணாட்டி என்ன, நீங்கள் கண்டிட்டியள்தானே.” அவர்கள் இருவர்மீதும் அன்று எனக்கு வந்த பாசம் இன்றுவரை குறையவில்லை.

அத்தான் இப்போது இல்லை. அன்று கைக்குழந்தையாக இருந்த மகள், போன மாதம் அந்தப் படத்தைக் கையில் எடுத்தாள்.

“அம்மா, இந்தக் கீறலைக் கம்பியூட்டரில துடைச்சுவிடட்டே?”

அக்கா எட்டி அதைப் பறித்துக்கொண்டாள்.

“உன்ர அப்பரைப்போலவே வந்து வாய்ச்சிருக்கிறாய்! அதில கை வையாதை பிள்ளை.”