ஆறு பூனைக்கு

என் மகள் ஐந்துக்கு அப்புறம் ஏழு என்பாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அணிவகுப்பு மாதிரி மிடுக்காக வருவாள். ஐந்தில் ஒரு மூச்சு வாங்குவாள். அடுத்து நேராக ஏழு. நடுவில் ஒருவனைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறோமே என்ற உறுத்தல் முகத்தில் துளியும் இருக்காது.

மூன்றரை வயதுப் பிள்ளை ஒரு எண்ணை விட்டுவிட்டால் உலகம் அழிந்துவிடாதுதான். ஆனால் நான் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். பூதப்பாண்டியில் பாதிப் பிள்ளைகளுக்கு நுண்கணிதத்தின் மேல் வெறுப்பு வரக் காரணம் நான்தான். அப்படிப்பட்டவளின் மகளுக்கு ஆறு தெரியாது என்று ஊருக்குள் பரவினால் நான் எந்த முகத்தோடு கரும்பலகை முன் நிற்பது?

போதாததற்கு நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்கேஜி இன்டர்வியூ வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "பத்து வர எண்ணச் சொல்லிக் கேப்பாங்க, கேட்டியா. எம் மவன் இருவது வர சொன்னான்," என்றாள் எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர். அந்த மகனை எனக்குத் தெரியும். இருபது வரை எண்ணுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவன் விரல் மூக்குக்குள்தான் இருக்கும்.

போனைத் திறந்தால் யாராவது ஒரு பெண் சிரித்த முகத்தோடு, குழந்தைக்கு விளையாட்டாகக் கற்றுக்கொடுங்கள் என்கிறாள். அவள் வீட்டில் சுவரெல்லாம் வெள்ளை. அவள் பிள்ளை அழுவதில்லை, எதையும் தின்பதுமில்லை. அவள் பேச்சைக் கேட்டு நானும் மெத்தென்ற எண்கள் ஒரு பை, ஒரு மணிச்சட்டம் எல்லாம் வாங்கினேன். முதல் நாளே என் மகள் எட்டின் இடது பக்கத்தைக் கடித்துத் துப்பிவிட்டாள். மிச்சமிருந்தது மூன்று. வேறு யாராவது என்றால் பிள்ளையை வைதிருப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். மணிச்சட்டத்தைக் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் பொம்மையைப் படுக்க வைத்து, வீடு முழுக்க ஆம்புலன்ஸ் ஓட்டினாள். பொம்மைக்கு என்ன நோய் என்று கடைசி வரை சொல்லவில்லை.

ஆறு ஏன் காணாமல் போனது என்பது துணி காயப்போடும்போதுதான் தெரிந்தது. கொடிக்குக் கீழே கிளிப்புகளை வரிசையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தோம். ஐந்தாவது கிளிப்பைத் தொட்டுவிட்டு அவள் அடுத்ததை ஏழு என்றாள்.

"அது ஆறு மக்கா," என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். வகுப்பில் தப்பாக விடை சொல்கிறவர்களை நான் பார்க்கிற அதே பார்வை.

"ஆறு அங்கயில்லா இருக்கு," என்று பழையாறு ஓடுகிற திசையில் கையை நீட்டினாள். "அதுல வெள்ளம் ஓடிட்டு கெடக்கு. கிளிப்பு எப்பிடி ஆறாவும்?"

வாரத்துக்கு ஒரு தடவையாவது பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, "பாரு மக்கா, ஆறு," என்று காட்டியது நான்தானே.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் வீடுகளுக்கு வயரிங் எடுத்துச் செய்கிறவர். எதையும் இரண்டு கம்பிகளாகப் பிரித்துப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்.

"பிள்ளை சொல்லதும் நியாயந்தானட்டீ," என்றார். "நீயும் தெனம் பாலை வச்சிட்டு ஆறட்டும், ஆறட்டும்ங்க. அவ என்னத்தக் கண்டா? இங்கிலீசுல சொல்லிக்கொடுப்போம். அதுல ஆறும் கெடையாது, கொளமும் கெடையாது."

சட்டையைக்கூட மாற்றாமல் மகள் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "சொல்லு மக்கா. ஒன்."

"ஒன்."

"டூ."

மகளின் உதடு பிதுங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சண்டை போட்டால் சுண்டுவிரலை நீட்டி, உன்கூட டூ என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சை நிறுத்துவார்கள். அப்பா நாள் முழுக்க வெளியே இருந்துவிட்டு வந்து, உட்கார்ந்ததும் உட்காராததுமாக உறவை முறித்துக்கொண்டார் என்றால் எந்தப் பிள்ளை தாங்கும்?

"எங்கூட டூவா அப்பா?"

"இல்ல மக்கா. டூன்னா ரெண்டு."

"ரெண்டு டூவா!" என்று கதறினாள்.

அவளைப் பேக்கரிக்குத் தூக்கிப்போய், பப்ஸ் வாங்கிக்கொடுத்து, சமாதானம் பேசிக் கொண்டுவந்தார். அதோடு எங்கள் வீட்டில் ஆங்கிலக் கல்வி முடிவுக்கு வந்தது.

கடைசியில் ஆறை மீட்டது நானுமில்லை, அவருமில்லை. இராஜாக்கமங்கலத்துப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் பைக்கில் மீன் கொண்டுவருவார். அன்று சாளை வாங்கியிருந்தேன். பின்பக்கத்தில் துணி துவைக்கிற கல்லில் வாழையிலையை விரித்து மீன்களை அடுக்கினேன். எண்ணித் தந்தால் வாலை நறுக்குகிற வேலை உனக்கு என்று மகளிடம் ஆசை காட்டினேன். கத்தியைக் கையில் கொடுக்கிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. கற்பித்தலில் இதெல்லாம் சகஜம்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு," என்று ஒவ்வொரு மீனின் கண்ணிலும் விரலை வைத்து எண்ணினாள். அடுத்த மீனுக்கு விரல் போவதற்குள் மதிலிலிருந்து ஒரு பூனை சாடியது. எங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமில்லாத, எல்லார் வீட்டு மீனும் தனக்குச் சொந்தம் என்று நினைக்கிற பூனை. அந்த மீனைக் கவ்விக்கொண்டு அடுத்த நொடியே மதிலில் ஏறிவிட்டது.

"சவத்துப் பூனை! ஆறாவது மீனக் கொண்டுபோச்சே!" என்று கத்தினேன்.

மகள் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ பெரிய விஷயம் உள்ளே நடந்துகொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

"ஆறப் பூனை கொண்டுபோச்சா?"

"ஆமா மக்கா."

"வாயிலயா?"

"வாயிலதான்."

அவ்வளவுதான், அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. வாயில் கவ்விக்கொண்டு போகமுடியும் என்றால் அது பழையாறு இல்லை. திரும்பி இலையைப் பார்த்து, முதலிலிருந்து எண்ணினாள். "நாலு, அஞ்சு, ஆறு பூனைக்கு, ஏழு!" என்றாள்.

அப்படியே பத்து வரை போனாள். நான் மீன் நாற்றக் கையோடு அவளைத் தூக்கிச் சுற்றினேன். அதற்குப்பின் எதை எண்ணினாலும் ஆறு பூனைக்குத்தான் போனது. படி ஏறினால் ஆறாவது படி பூனைக்கு. மட்டிப்பழத்தை எண்ணினால் ஆறாவது பழம் பூனைக்கு. பூனைக்குப் பழம் பிடிக்காதே என்றதற்கு, "பெறவு தின்னும்," என்றாள். இன்டர்வியூவுக்கு முன்னால் அந்தப் பூனையை எப்படி இறக்கிவிடுவது என்று யோசித்தேன். கிடைத்த ஆறை மறுபடி இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் கொஞ்சம் அத்துமீறினேன். சர்ச்சில் பிரசங்கம் தொடங்கினால் என் மகள் பெஞ்சுக்கு அடியில் போய் அடுத்தவர்கள் செருப்பை இடம் மாற்றுவாள். எங்கள் போதகர் நல்ல மனிதர், நோயாளி வீடுகளுக்கு மழையிலும் போகிறவர். ஆனால் பிரசங்கத்தை நிறுத்தத் தெரியாது. "கடைசியாக, அன்பானவர்களே," என்பார். பின்வரிசையில் ஆண்கள் பைக் சாவியை எடுப்பார்கள். அவர் புதிதாக ஒரு வசனத்துக்குள் நுழைவார். சாவி மறுபடி பாக்கெட்டுக்குள் போகும்.

மகளை மடியில் தூக்கி வைத்து, "பாஸ்டர் கடைசின்னு சொல்லும்போதெல்லாம் ஒரு விரல மடக்கு. சத்தம் போடப்பிடாது," என்று காதில் சொன்னேன். அவளுக்கு எண்ணிப் பழகின மாதிரியும் ஆச்சு, எனக்குப் பொழுது போன மாதிரியும் ஆச்சு.

செருப்புகள் அன்று பிழைத்தன. போதகரின் வாயையே பார்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் சபையில் அவ்வளவு கவனமாகப் பிரசங்கம் கேட்ட ஆத்துமா வேறு இருந்திருக்காது. பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "பிள்ளைக்கி என்ன பக்தி!" என்று என்னிடம் கிசுகிசுத்தார். முதல் கையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. நோவாவின் பேழையைப் பற்றி ஒன்று, நம் வாழ்க்கைப் பேழையைப் பற்றி ஒன்று, பேழைக்குள் ஏறாதவர்களைப் பற்றி ஒன்று, பேழையிலிருந்து பறந்த புறாவைப் பற்றி ஒன்று. கட்டைவிரலும் மடங்கி கை முழு முஷ்டியானது. போதகர் கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கடைசியாக, அன்பானவர்களே…"

"ஆறு! பூனைக்கு!"

கூரை ஓடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது சத்தம். எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. போதகர் பிரசங்கக் குறிப்பைப் பார்த்தார். பேழையில் பூனை எத்தனை என்று தேடினாரோ என்னவோ. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் கணவர், நாங்கள் யார் என்றே தெரியாதவர்போல மின்விசிறியின் வயரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். அன்றைய பிரசங்கம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது.

வாசலில் எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்த போதகர் குனிந்து மகளிடம் கேட்டார்.

"என்ன மக்கா ஆறு?"

"அது ஒரு மீன் விளையாட்டு பாஸ்டர்," என்று நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல," என்றாள் மகள். "நீங்க கடைசின்னு சொன்னதாக்கும். அம்மா எண்ணச் சொல்லிச்சு."

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று எதிர்பார்த்தேன். எங்கள் பக்கத்து நிலம் நல்ல கெட்டி. போதகர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கிவிட்டார். "நான் கல்யாணம் ஆனதுலயிருந்து எண்ணுதேன் டீச்சர். எனக்கு வெரல் பத்தல்ல," என்றார். போதகரின் காது சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

சிரித்தாரே ஒழிய மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு என் மகள் சொல்லாமலே கையை விரித்துத் தயாராக உட்கார்ந்தாள். போதகர் "நிறைவாக" என்றார். பிறகு "இறுதியாக" என்றார். "முடிக்குமுன்" என்றார். ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் எங்கள் பெஞ்சைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். மகளின் கை விரித்தது விரித்தபடியே இருந்தது.

வாசலில் அவரே கேட்டார். "இன்னைக்கி எத்தன?"

"ஒண்ணுங்கூட வரல்ல," என்றாள் எரிச்சலோடு.

"ஒண்ணுமே இல்லன்னா அதுக்கும் ஒரு பேரு உண்டு மக்கா. பூச்சியம்."

புதுச் சொல் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கேட்டை நோக்கி ஓடிக்கொண்டே, எதிரே வந்தவர்களிடமெல்லாம், "பாஸ்டர் பூச்சியம்! பாஸ்டர் பூச்சியம்!" என்று அறிவித்தாள். ஒரு சபைப் பெரியவர் என்னை நிறுத்தி, போன வாரக் கமிட்டியில் நடந்தது பிள்ளை வரைக்கும் தெரிந்துவிட்டதா என்று கேட்டார். எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அவர் சொன்ன பிறகு எல்லாம் தெரிந்தது. பாஸ்டரின் சம்பள உயர்வுக்கு ஒரு கைகூட உயரவில்லையாம்.

இன்டர்வியூ அன்று மகளுக்குப் புதுச் சட்டை. வழியெல்லாம் எண்ணவைத்துக்கொண்டே போனோம். பள்ளி முதல்வரின் அறையில் எங்கள் மூன்று பேரையும் உட்காரச் சொன்னார்கள். முதல்வர் என் படிப்பைக் கேட்டார். என் கணவரின் தொழிலைக் கேட்டார். தொழில் தெரிந்ததும், பள்ளியின் புதுக் கட்டடத்தில் அடிக்கடி ஃபியூஸ் போகிறதே, என்ன காரணமாக இருக்கும் என்று கேட்டார். அதைப் பற்றி இருவரும் வெகுநேரம் பேசினார்கள். மகளிடம் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒன்று என்று ஆரம்பிக்க அவள் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் பேச்சு எர்த்திங் பக்கம் போய்விட்டது.

"கொள்ளாம். பாப்பாவுக்கு சீட் உண்டு," என்று சொல்லி முதல்வர் எழுந்தார்.

மகள் அறையைச் சுற்றிலும் பார்த்தாள். முதல்வரின் சுழல் நாற்காலிதான் இருந்தவற்றில் பெரியது. மேஜையைச் சுற்றிப் போய் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இதா?" என்று கேட்டாள்.

முதல்வர் பெருந்தன்மையாகச் சிரித்தார். இறங்கச் சொன்னபோது அவள் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத்தான் சீட்டுன்னு சொன்னாங்க!" என்று அழுதாள். முதல்வரின் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. வெளியே அடுத்த பெற்றோர் காத்திருந்தார்கள். என் கணவர் நாற்காலியை ஒரு கையால் நிறுத்தி, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அலறலோடு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினோம். எங்களுக்குப் பின்னால் அந்த நாற்காலி வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.