பெட்டிக்குள் வைத்த சேர்ட்

எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் பெரியவன், இளையவன் சின்னவன். வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். பெரியவனைக் காணவில்லை. சின்னவன் கொழும்பில் பாட்டுக்காரன்.

பாட்டுக்காரன் என்றால் கல்யாண வீட்டு மேடையை நினைப்பீர்கள். இது வேறு. முகத்துக்கு வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றிக் கரி தடவி, தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. மெட்டல் என்று சொல்கிறார்கள். அவனுக்கு அந்தக் குரல் கொழும்பில் கிடைத்ததல்ல, எங்கள் பேசாலையில் கிடைத்தது. தவக்காலத்தில் இங்கே பாஸ் காட்டுவார்கள். யேசு பாடுபட்டு இறந்ததை மேடையில் காட்டுவது. ஆள் உயரச் சொரூபங்களுக்குத் திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்க வேணும். யூதாசைக் கூட்டிப் போக வருகிற பேய்க்கு ஒரு வருசம் ஆள் இல்லாமல் போய், மீசை முளைக்கத் தொடங்கியிருந்த சின்னவனைப் பிடித்து நிறுத்தினார்கள். அவன் போட்ட சத்தத்தில் முன்னால் இருந்த பிள்ளைகள் எல்லாம் தாய்மாரின் சேலைக்குள் புகுந்துவிட்டன.

அடுத்த நாள் பக்கத்து வீட்டுக் கிழவி என் மனிசியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ர வயித்தில பிறந்ததுக்கு எங்கால பிள்ளை இந்தக் குரல்?"

"இவர் வள்ளத்தில நிண்டு மற்ற வள்ளத்தைக் கூப்பிடுறதைக் கேட்டதில்லையோ? அது தேவதூதற்ற குரலோ?" என்றாள் மனிசி.

உண்மைதான். சோளகக் காற்று எதிர்த்து அடிக்கும்போது அடுத்த வள்ளக்காரனுக்குக் கேட்க வேணுமென்றால் வயிற்றிலிருந்துதான் சத்தம் வரவேணும். தொண்டையால் கத்துகிறவன் இரண்டு நாளில் ஊமை. அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கடலில் நின்றால் தானாக வரும்.

பெரியவன் கத்தமாட்டான். மெல்லப் பேசுகிறவன். கடல் அவனுக்கு ஒத்துவரவில்லை, வள்ளத்தில் ஏறினால் சத்தி, ஒரே வாந்தி. அதனால் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு பேசாலை இருக்கிற எங்கள் தீவை விட்டு வெளியே உயிலங்குளம் பக்கம் கொண்டுபோய் விற்பான். வயல்காரச் சனம், நெல் வெட்டுகிற காலத்தில் நல்ல விலை கொடுப்பார்கள். சண்டைக் காலம். ஒரு காலைப்பொழுது போனவன் திரும்பி வரவில்லை. சைக்கிள் ஒரு குளக்கட்டில் சாத்தியபடி நின்றது. பூட்டியிருந்தது. பெட்டிக்குள் பாதி மீன் விற்காமல் புழுத்துக் கிடந்தது. யார் கொண்டுபோனது, எங்கே கொண்டுபோனது, ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்லவில்லை. நான் அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்தேன். பூட்டின் திறப்பு அவனிடம் இருந்தது. பின்சில்லைத் தூக்கித் தூக்கி வந்தேன்.

அதற்கு முதல் நாள் திருநாள் பூசைக்கு அவன் போட்ட சேர்ட் கதவு ஆணியில் தொங்கியது. நீலக் கட்டம் போட்டது. மனிசி தைத்தது. அவள் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் நன்மைச் சட்டை தைக்கிறவள். துணி போதாமல் போனதால் கொலருக்கு உள்பக்கம் தன் பழைய பூப்போட்ட பிளவுஸ் துண்டை வைத்திருந்தாள். அதற்காகப் பெரியவனைப் பகிடி பண்ணுவோம். அந்தச் சேர்ட்டை அவள் தோய்க்கவில்லை. ஒரு பையில் போட்டு முடிந்து அலுமாரிக்குள் வைத்தாள். அவன் பிறந்த நாளில் மட்டும் முடிச்சை அவிழ்த்து மணந்துவிட்டுத் திரும்பக் கட்டுவாள்.

செத்தவர்களுக்குக் கொடுக்கிற ஆத்துமப் பூசையை அவனுக்குக் கொடுக்க அவள் இன்றுவரை சம்மதித்ததில்லை. இறந்தவர்களின் நாளில் நாங்கள் சேமக்காலைக்குப் போய் என் தாய் தகப்பனுக்குத் திரி கொளுத்துவோம். என் கையில் மேலதிகமாக ஒரு திரி இருக்கிறதா என்று பின்னால் நின்று பார்ப்பாள்.

சின்னவன் வளர்ந்து கொழும்புக்குப் போனான். போன் திருத்துகிற கடையில் வேலை. அங்கே சேர்ந்த சிங்களப் பெடியங்களோடுதான் இந்தப் பாட்டு. ஒருமுறை என்னையும் பார்க்கக் கூப்பிட்டான். மண்டபத்தில் எல்லாரும் கறுப்பு பெனியன். தலைமயிரைச் சுழற்றிக்கொண்டு நின்ற ஒருவன் என்னைக் கண்டதும் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டு, காதுக்குப் பஞ்சும் தந்தான். "அங்கிள், பய வெண்ட எபா" என்றான். பயப்படாதீங்கோ என்று. சைலன்சர் உடைந்த பத்து எஞ்சினை ஒரு அறைக்குள் பூட்டிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அந்தச் சத்தத்துக்கு மேலே பாஸில் கேட்ட அதே பேய்.

முடிந்த பிறகு பின்பக்கம் போனேன். முகத்து வெள்ளை வேர்வையில் ஒழுக, சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடியப்பா?"

"ஒரு சொல்லும் விளங்கேல்ல."

"விளங்கத் தேவையில்ல."

"அப்ப லத்தீன் பூசை மாதிரி."

விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் கண்டது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மனிசி கேட்டவை வேறு.

"கனபேர் வந்தவையோ?"

"நிறைஞ்சு வழிஞ்சுது."

"போனில படம் எடுக்கிறவையோ?"

"எல்லாற்ற கையிலயும் போன்தான்."

"உலகம் முழுக்கப் போகுமோ?"

"போகுமாம்."

நத்தாருக்கு, யேசு பிறந்த திருநாளுக்கு, சின்னவன் வந்தபோது அலுமாரியைத் திறந்து அந்தப் பையைக் கையில் கொடுத்தாள்.

"இதைப் போட்டுக்கொண்டு பாடு."

"என்னத்துக்கம்மா?"

"கந்தோர் கந்தோரா, ரோட்டு ரோட்டா அவன்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். சனத்துக்கு அலுத்துப்போச்சு. நீ மூஞ்சியில சுண்ணாம்பு அடிச்சுக்கொண்டு நிக்கிறாய், அவன் எங்கயாவது இருந்து பாத்தா உன்னைத் தெரியாது. சேர்ட்டைத் தெரியும்."

சின்னவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

அதற்குப் பிறகுதான் அவன் பெயர் எடுத்தான். அடுத்த வீட்டுப் பெட்டை போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "மாமி, உங்கட மகன் பேமஸ், பாருங்கோ." பார்த்தோம். நாலு பேர் ஒரு சவப்பெட்டியைத் தோளில் சுமந்து மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். சின்னவன் அந்த நீலக்கட்டச் சேர்ட்டை விரித்துச் சனத்துக்குக் காட்டுகிறான். மடிக்கிறான். பெட்டிக்குள் வைத்து மூடியைப் போட்டு ஆணி அடிக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கத்தல். அதில் சொல் இல்லை. கடைசியில் மூடியின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டான். அவ்வளவு சனமும் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது.

மனிசி முழுக்கப் பார்த்தாள். "இன்னொருக்காப் போடு பிள்ளை" என்று திரும்பவும் பார்த்தாள். பிறகு என் போனில் அவனைக் கூப்பிட்டாள்.

"சேர்ட் எங்க?"

"என்னட்டத்தானம்மா. ஒவ்வொருக்காலும் திரும்ப எடுத்து வைக்கிறனான்."

"ஒவ்வொருக்காலுமோ? இதுவரைக்கும் அவனை எத்தினை தரம் குழியில தாட்டனீ?"

பக்கத்தில் நின்ற எனக்கும் அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"அம்மா, அவன் செத்திட்டான். இந்த வீட்டில ஒருத்தரும் அதைச் சொல்லேல்ல. எனக்கு எங்க நிண்டு அழுறதெண்டு தெரியேல்ல. அங்க நிண்டு அழுறன்."

"செத்தவைக்கு அழு. என்ர பிள்ளைக்குப் பெட்டி அடிக்க நீ ஆர்? சேர்ட்டைக் கொண்டுவந்து தா. அதுவரைக்கும் எனக்கு ஒரு பிள்ளைதான். அவனையும் காணேல்ல."

அவ்வளவுதான். பிறகு அவன் எடுத்தால் போனை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். மாதக்கணக்காக அப்படி. நடுவில் ஜேர்மனியில் பெரிய மேடை ஒன்றுக்கு அவர்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அந்தப் பெட்டிப் பாட்டுக்குத்தான். "சேர்ட்டைக் குடுத்தா பாட்டு இல்லையப்பா. குடுக்காட்டி அம்மா இல்ல" என்றான். "கடல் அடிக்குது, பிறகு கதை" என்று வைத்துவிட்டேன்.

ஒரு பின்னேரம் சின்னவன் அந்தப் பையோடு வந்தான். மனிசி முற்றத்தில் திரளி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. கையைக் கழுவி, சேலையில் துடைத்து, பையை வாங்கினாள். முதலில் கொலரைத் திருப்பி பூப்போட்ட துண்டைப் பார்த்தாள். பிறகு மணந்தாள்.

"பவுடர் மணக்குது."

அவள் சேர்ட்டை இன்னும் கிட்டப் பிடித்துத் திரும்பவும் மணந்தாள்.

"அவன்ர மணம் போயிட்டுது. உன்ர வேர்வையும் இல்ல. நீ போடேல்லையோ?"

"இல்லையம்மா. ஒரு நாளும் போடேல்ல."

"போடத்தானே தந்தனான்."

"ஏலாமப் போச்சு."

"இப்ப போடு."

போட்டான். பெரியவன் காணாமல் போனபோது இருபது ஆகவில்லை, மெலிந்த பிள்ளை. சின்னவனுக்கு அப்போது முப்பது தாண்டி உடம்பு வைத்திருந்தது. தோள் ஏறவில்லை. நெஞ்சில் பொத்தானும் துளையும் ஒன்றையொன்று எட்டவில்லை. கையை இறக்கும்போது கமக்கட்டில் தையல் கிழிந்த சத்தம் கேட்டது. அவள் கத்தப் போகிறாள் என்று நினைத்து நான் எழும்பினேன். அவள் அவனைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"அவனுக்கும் இப்ப இது காணாதுதான், என்ன?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

உள்ளே போய் அளவு நாடாவைக் கொண்டுவந்தாள்.

"நேரா நில்லு. கையைத் தூக்கு. கூனாத, அவன் கூனமாட்டான். உன்னை விட அவன் இப்ப அகலமா இருப்பான், ரெண்டு விரல் கூட்டோணும்."

சின்னவன் சிலுவையில் நிற்கிற மாதிரிக் கையை விரித்துக்கொண்டு நின்றான். அவள் குண்டூசியை உதட்டில் கவ்வியபடியே கேட்டாள். "பெட்டி?"

"இனி வைக்கமாட்டனம்மா."

"ம். போய் முகத்தைக் கழுவு. திரளிக் குழம்பு."

ஜேர்மனிக்குப் போனான். பெட்டி இல்லாமல் பாடினான். சனம் பெட்டி எங்கே என்று கூச்சல் போட்டதாம். திரும்பி வந்த பிறகு கூட்டாளி ஒருவன் நேராகவே சொல்லிவிட்டான், பெட்டியில்லாட்டி உன்னை ஆருக்கு வேணும் என்று. கொஞ்ச நாளில் சின்னவன் இடத்தில் வேறு ஒருவன் வெள்ளை பூசிக்கொண்டு நின்றான். சின்னவன் திரும்பவும் போன் திருத்துகிறான். எப்போதாவது சின்ன இடங்களில் பாடுவான். அந்தச் சவப்பெட்டிக்குள் அவர்கள் வயர் போட்டு வைத்திருக்கிறார்களாம்.

மனிசி வருசா வருசம் நத்தாருக்கு ஒரு சேர்ட் தைக்கிறாள், பெரியவனுக்கு. சின்னவன் வந்து நிற்க வேணும், அளவெடுக்க வேணும். சின்னவனுக்குத் தொந்தி வைத்தபோது, "அவனுக்கும் வைச்சிருக்கும், அந்த வயசுதானே" என்று இடுப்பில் கூட்டினாள். அலுமாரியில் ஒன்றன் மேல் ஒன்றாக அயன் பண்ணி அடுக்கியிருக்கிறது. சின்னவனுக்கு அதில் ஒன்று தரமாட்டாள். அவனும் கேட்டதில்லை.

போன நத்தாருக்கு வந்தவன் மெலிந்துபோய் வந்தான். சீனி வருத்தம், நீரிழிவு என்கிறான். குடியும் இருக்கிறது, நான் கேட்கவில்லை. அவள் வழக்கம்போல நாடாவைச் சுற்றினாள். நாடா தொளதொளவென்று கிடந்தது. திரும்பச் சுற்றிப் பார்த்தாள். பெரியவன் போன நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் அழுது நான் கண்டதில்லை. ரோட்டில் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் அழாதவள். நாடாவின் இரண்டு முனையையும் பிடித்தபடி அவன் நெஞ்சில் தலையை முட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"அவனுக்கு அங்க ஒண்டும் சாப்பிடக் குடுக்கிறேல்லையோ?"

சின்னவன் விரித்த கையை இறக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சோறு போட்டு, மீன் தலையையும் வைத்து, அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடு. ரெண்டு பேருக்குமாச் சாப்பிடு."

சின்னவன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சாப்பிட்டான். அவள் மேலும் மேலும் போட்டாள். அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.