கொயினா பூசிய விரல்களும் கடிக்கிற பூனைக்குட்டியும்

மலாய் நாட்டில் மெர்சிங் சாலையை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், நான் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, பாலுக்காக மரம் வெட்டப் போகும் பெண்கள், பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். தொட்டிலில் ஆறு, தரையில் பன்னிரண்டு. அத்தனைக்கும் நான் ஒருத்தி.

ஒருநாள் தொட்டிலில் கிடந்த அஞ்சலையின் கைக்குழந்தையை எலி கடித்துவிட்டது. குதிகாலில் இரத்தம். அஞ்சலை என்னைப் பிடித்த பிடி இருக்கிறதே, அம்மாடி!

"இன்னொரு தடவ எலி வந்துச்சின்னா எம்புள்ளய முதுகுல கட்டிக்கிட்டே வேலைக்குப் போயிருவேன். நீ இங்க எதுக்கு இருக்கே?"

பக்கத்தில் மலாய்க்காரர்கள் குடியிருந்த கம்பத்தில் ஓர் அம்மாவிடம் கெஞ்சி ஒரு பூனைக்குட்டி வாங்கி வந்தேன். சாம்பல் நிறம், தேங்காய் அளவு. அந்த வாரமே கூரையில் எலிச் சத்தம் அடங்கியது. ஆனால் குட்டி மனிதரைக் கடிக்க ஆரம்பித்தது. கோபத்தில் அல்ல, விளையாட்டில். விரல் ஆடினால் போதும், நாலு காலாலும் கட்டிக்கொண்டு பல்லைப் பதிக்கும். மூன்று வயதுச் செல்லம்மாவின் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், பிள்ளைகளுக்குக் மலேரியாக் காய்ச்சல் வராமலிருக்கக் கொயினா என்ற கசப்பு மருந்து கொடுக்க, தினம் பத்து மணிக்கு வருவார். செல்லம்மாவின் விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இந்தா ஆயா, இன்னொரு புள்ளய இது கடிச்சிச்சின்னா சாக்குல போட்டு ஆத்துல விடச் சொல்லிருவேன். அப்புறம் அழுவாத."

குட்டி போனால் எலி வரும். எலி வந்தால் தொட்டில் பிள்ளைகளின் கதி என்ன?

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூக்கில் சுண்டச் சொன்னார்கள். சுண்டினேன். அதையும் விளையாட்டு என்று நினைத்து என் கையிலேயே தொங்கியது. கசந்தால் விட்டுவிடும் என்று எனக்கே ஒரு யோசனை ஓடியது. கொயினாவைக் கரைத்துப் பத்து விரலிலும் பூசிக்கொண்டேன். குட்டி ஒரு கடி கடித்தது, நுரை தள்ளியது, மேசைக்கடியில் ஓடி ஒளிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவசரமாகக் கையைக் கழுவிவிட்டுச் சோறு பிசைந்து ஊட்ட உட்கார்ந்தேன். முதல் வாய் வாங்கிய செல்லம்மா என் மடியிலேயே துப்பினாள். அவளைப் பார்த்து மற்றதுகளும் வாயை இறுக்கிக்கொண்டன. தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், கசப்பு போனால்தானே! மதியம் தாய்மார் வந்தபோது பன்னிரண்டும் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

"அலமாக், அம்மாடி! சோறு ஊட்டச் சொன்னா மருந்தா ஊட்டுற?" என்றாள் அஞ்சலை.

அதன் பிறகு வேறு வழி பிடித்தேன். கையால் யாரும் விளையாடக் கூடாது. கயிற்றில் கட்டிய கந்தல் துணிதான் விளையாட்டு. பல் பட்டால் கையை இழுக்கக் கூடாது, கத்தக் கூடாது. கல்லு மாதிரி நிற்க வேண்டும். குட்டி பிடியை விட்டதும் முதுகைக் காட்டிவிட வேண்டும், ஆட்டம் முடிந்தது. பிள்ளைகள் மூன்று நாளில் கற்றுக்கொண்டார்கள். "கல்லு, கல்லு" என்று அதையே ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். குட்டிக்கும் புரிந்தது, ஆனால் காலையில் மட்டும். பத்து மணி வரை சாது. பத்து மணிக்கு மேல் பிசாசு.

காரணம் என் கண் முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. கொயினா கொடுத்து முடித்ததும் டிரஸ்ஸர் பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து விரலையும் ஆட்டுவார். "வாடா புலி, புடி புடி!" குட்டி பாயும். மல்லாத்திப் போட்டு வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்டுவார். அது கடிக்கக் கடிக்க விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு எழுந்து போகும்போது, "சாக்கு ஞாபகம் இருக்கட்டும் ஆயா" என்பார். ஆனால் உத்தியோகஸ்தரிடம் போய் 'கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்' என்று ஆயா சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் அவர் ஆடவிட்டு எழுந்த சூட்டில், குட்டி பாய்ந்து செல்லம்மாவின் கையைக் கவ்வியது. அவள் அழவில்லை. கையை இழுக்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, சொல்லிக்கொடுத்தபடி அப்படியே நின்றாள். குட்டி தானாக விட்டது. இரத்தம் சொட்டியது.

"எங்க சாக்கு?" என்றார் டிரஸ்ஸர்.

எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ! "கடிக்கக் கத்துக் குடுக்கிறதே நீங்கதான் ஐயா! நான் காலயில கட்டுறத நீங்க பத்து மணிக்கு வந்து அவுத்து விடுறீங்க. இந்தப் பச்ச மண்ணுக்குக் கூட கைய ஆட்டக் கூடாதுன்னு தெரியுது!"

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் செல்லம்மாவின் கையைப் பிடித்துக் கட்டுப் போட்டார். முகம் சிவந்திருந்தது.

"இத மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதா ஆயா? ஒரு மாசமா பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

மறுநாளிலிருந்து கையைக் கட்டிக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு வாரத்தில் குட்டி கடிப்பதை அடியோடு விட்டது. எலியும் வரவில்லை.

இப்போது பிள்ளை பார்க்கிற வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: குட்டி கடித்தால் அதை அடிக்காதீர்கள், யார் கை ஆடுகிறது என்று பாருங்கள். அது பெரிய மனிதர் கையாக இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று டிரஸ்ஸர் கேட்டது நியாயம்தான். பயந்தது நான், கடிபட்டது அந்தப் பிள்ளை.